தங்கச்சிக்குத் தலசீமியா ட்ரெய்ட்டாம். சொந்தத்தில் கட்டவில்லையே, பிறகு என்ன பயம்?

சிரியம் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். தை பிறந்ததும் தங்கச்சிக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருக்கிறோம். மாப்பிள்ளை ரங்கூனில் தாம்வேக்காரர். அப்பா தமிழர், அம்மா மோன் இனத்தவர். நல்ல குடும்பம், இரண்டு பக்கமும் சம்மதம்.

நடுவில் ஒரு சிக்கல் வந்துவிட்டது. தங்கச்சி எப்போதும் சோர்ந்தே இருக்கிறாள் என்று ரொம்ப நாளாக இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து வந்தார்கள். ரத்தம் ஏறவே இல்லை. இப்போது வேறு டாக்டரிடம் காட்டினோம், அவர் இன்னொரு டெஸ்டுக்கு அனுப்பினார். சீட்டில் உள்ளதை அப்படியே போடுகிறேன்: ஹீமோகுளோபின் 10.9, சிவப்பணு 56 லட்சம், எம்சிவி 66, ஹெச்பி ஏ2 5.2. கீழே ‘பீட்டா தலசீமியா ட்ரெய்ட்’ என்று எழுதியிருக்கிறது. மாப்பிள்ளையின் ரத்தத்தையும் பார்க்காமல் விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

பெரியப்பா சொல்வது வேறு. “மாமன் மகன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கொடுத்தால்தான் இதெல்லாம் பிள்ளைக்கு வரும். நாம் கொடுப்பது வேற்று ரத்தம். கவலையே வேண்டாம்” என்கிறார். இது சரியா? அப்புறம் இன்னொன்று, எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு நோய் யாருக்குமே இருந்ததில்லை. இல்லாதது எங்கிருந்து வந்தது?

பெகு மாமா:

பெரியப்பா சொல்வது சரிதான் தம்பி. நானே அக்கா மகளைக் கட்டியவன். மூன்று பிள்ளைகள், ஒன்றுக்கும் நோய்நொடி கிடையாது. சொந்தத்தில் கட்டியவனுக்கே ஒன்றும் வரவில்லை, நீங்கள் வெளியில் கொடுக்கிறீர்கள். டெஸ்ட், அது இது என்று மாப்பிள்ளை வீட்டில் போய் நின்றால், பெண்ணுக்கு ஏதோ கோளாறு என்றுதான் பேச்சு கிளம்பும். நல்ல சம்பந்தத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

லேப் அக்கா:

மாமா, கொஞ்சம் பொறுங்கள். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். தினம் இந்தச் சீட்டுகளோடுதான் பிழைப்பு.

தம்பி, முதலில் மனசைத் தேற்றிக்கொள். தங்கச்சிக்கு நோய் இல்லை. தலசீமியா என்பது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் சரியாக ஊறாத பரம்பரை ரத்த நோய். பீட்டா என்பது அந்த ஹீமோகுளோபினின் ஒரு பகுதி. ட்ரெய்ட் என்றால் அதற்கான இரண்டு ஜீனில் ஒன்று பழுது, மற்றது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த நல்ல ஒன்றை வைத்தே அவள் 80 வயது வரை இருப்பாள். இரும்பு மாத்திரைக்கு ரத்தம் ஏறாததற்கும் காரணம் அந்தச் சீட்டிலேயே இருக்கிறது. எம்சிவி என்பது ஒரு சிவப்பணுவின் அளவு. 80க்குக் கீழே போனால் அணு சின்னதாகிவிட்டது. இரும்பு குறைந்தாலும் சின்னதாகும், தலசீமியா ட்ரெய்ட்டிலும் சின்னதாகும். ஆனால் இரும்பு குறைந்தவர்களுக்கு அணுக்களின் எண்ணிக்கையும் சேர்ந்து குறையும். இவளுக்கு 56 லட்சம் இருக்கிறது, நிறையவே. நாங்கள் ஒரு குறுக்குக் கணக்குப் போடுவோம்: 56 லட்சத்தைப் பத்து லட்சக் கணக்கில் 5.6 என்று எடுத்து, எம்சிவி 66ஐ அதால் வகுத்தால் 11.8. 13க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சந்தேகப்படுவோம், மேலே போனால் இரும்புக் குறைவின் பக்கம். அதை உறுதி செய்வது ஏ2, ஹீமோகுளோபினில் ஒரு சிறு வகை. சாதாரணமாக 3.5 சதவீதத்துக்குள் இருக்கும், இவளுக்கு 5.2.

இரும்புக் குறைவு உண்மையிலேயே இருக்கிறதா என்று, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் பார்த்துவிட்டு அப்புறம் மாத்திரை கொடுங்கள். தேவையில்லாமல் வருடக்கணக்கில் விழுங்க வேண்டாம்.

இப்போது பெரியப்பா கதைக்கு வருகிறேன். இந்த ஊரில் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். பீட்டா தலசீமியா இந்தியாவில் 100 பேரில் 3 அல்லது 4 பேரிடம் இருக்கிறது. நம் தாத்தா பாட்டிகள் கப்பலில் வரும்போது அதுவும் கூடவே வந்தது. பர்மாவிலோ ஹீமோகுளோபின் ஈ என்று அதே பீட்டா ஜீனில் வரும் இன்னொரு மாற்றம் ஏராளம். பர்மியர், மோன், கரேன், ஷான் என்று யாரிடமும் இருக்கும். தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா பக்கம் போனால் இன்னும் அதிகம். ஈ மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஈ வந்தால்கூட லேசான சோகையோடு போய்விடும். ஆனால் ஒரு பக்கம் ஈ, ஒரு பக்கம் பீட்டா என்று பிள்ளையிடம் சேர்ந்தால் அது நோய். சிலருக்கு லேசு, சிலருக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றும் அளவுக்குக் கடுமை.

பீட்டா இங்கிருந்து போகிறது, ஈ அங்கிருந்து வருகிறது. வேற்று ரத்தம் என்று பெரியப்பா தெம்பு சொல்கிற இடத்தில்தான் நான் டெஸ்ட் எடு என்று கத்துகிறேன்.

சிரியம் தம்பி:

அக்கா, இதை யாரும் சொல்லவே இல்லை. ஆனால் அம்மா, அப்பா, நான் என்று யாருக்கும் ஒன்றும் இல்லாதபோது இது எப்படி ஒளிந்தே வந்தது?

மோல்மேன் டீச்சர்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியது.

நம் உடம்பின் அநேகமாக எல்லாச் செல்லிலும் ஜீன்களைச் சுமக்கும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. 23 அம்மாவிடமிருந்து வந்தவை, 23 அப்பாவிடமிருந்து. இந்த 46 என்ற எண்ணையே 1956இல்தான் சரியாக எண்ணிச் சொன்னார்கள், அதுவரை 48 என்று பாடம் நடந்தது. பீட்டா குளோபின் ஜீன் இருப்பது 11ஆவது குரோமோசோமில். எல்லாருக்கும் இரண்டு 11 உண்டு. உன் தங்கச்சியிடம் ஒரு 11இல் அந்த ஜீன் பழுது, இன்னொரு 11இல் சரியாக இருக்கிறது.

செல் பிரிவதில் இரண்டு விதம். தோல் வளர்வது, காயம் ஆறுவது, எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது எல்லாம் மைட்டாசிஸ். ஒரு செல் தன் 46ஐயும் பிரதி எடுத்து இரண்டாகப் பிரியும், இரண்டிலும் அதே 46. பழுதும் அப்படியே பிரதியாகும். கருவில் முதல் செல்லில் இருந்தது இன்று அவளுடைய அநேகமாக எல்லாச் செல்லிலும் இருக்கிறது. அதனால்தான் பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, டானிக் எதுவும் இதை மாற்றாது. அவள் எதையோ சரியாகச் சாப்பிடாததால் வந்ததும் இல்லை. இதை உன் அம்மாவிடம் அழுத்திச் சொல், பெண் பிள்ளையை ஒழுங்காகக் கவனிக்கவில்லையோ என்று அவர் தன்னையே நொந்துகொண்டிருப்பார்.

இரண்டாவது மியாசிஸ். இது கருமுட்டையும் விந்தணுவும் உண்டாகும் இடத்தில் மட்டும் நடப்பது. பிரதி எடுப்பது ஒரு தடவை, பிரிவது இரண்டு தடவை. முதல் பிரிவுக்கு முன்னால் அம்மா கொடுத்த 11உம் அப்பா கொடுத்த 11உம் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒட்டி நிற்கும். துண்டு துண்டாகத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும். பிறகு ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் இழுக்கப்படும். எது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு விதி எதுவும் கிடையாது. 23 ஜோடியும் இப்படித் தனித்தனியாக முடிவெடுப்பதால் சேர்க்கைகள் மட்டும் 83 லட்சத்துக்கு மேல். துண்டு மாற்றுவதைக் கணக்கில் சேர்க்காமலே இவ்வளவு. ஒரே வயிற்றில் பிறந்த நீயும் தங்கச்சியும் ஏன் ஒரே மாதிரி இல்லை என்பதற்கு இதுதான் காரணம்.

ஆணுக்கு ஒரு தாய் செல்லிலிருந்து நான்கு விந்தணுக்கள். பெண்ணுக்கு ஒரே ஒரு முட்டைதான் மிஞ்சும், மீதி சின்னச் சின்னதாகக் கழிந்துவிடும். மிஞ்சிய முட்டையில் பழுதான 11 இருக்கலாம், நல்ல 11 இருக்கலாம். பாதிக்குப் பாதி.

உன் பாட்டியோ தாத்தாவோ யாரோ ஒருவர் பழுதான 11ஐ உன் பெற்றோரில் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார். அவர் அதைத் தங்கச்சிக்குக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தலைமுறையிலும் பக்கத்தில் ஒரு நல்ல 11 இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பட்டாணிச் செடியில் மெண்டல் பார்த்ததும் இதைத்தான். 1866இல் அச்சிட்டார். 1900 வரை அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

டல்லா பையன்:

டீச்சர் ஒரு சந்தேகம். மாப்பிள்ளைக்கும் இருந்தால் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு என்கிறார்கள். அப்படியென்றால் முதல் பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்று பிள்ளைக்கும் பயமில்லைதானே? எங்கள் தெருவில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

மோல்மேன் டீச்சர்:

இல்லை ராசா. தாயக்கட்டைக்குப் போன ஆட்டம் நினைவிருக்காது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் மறுபடி முதலிலிருந்து அதே நாலில் ஒன்று. நான்கு பிள்ளையும் நன்றாகப் பிறந்த வீடும் உண்டு, இரண்டு பிள்ளைக்கும் வந்த வீடும் உண்டு. மிச்சக் கணக்கையும் கேட்டுக்கொள்: நாலில் இரண்டு பங்கு பெற்றோர் மாதிரியே ட்ரெய்ட், ஒரு பங்கு எதுவுமே இல்லாமல்.

பெகு மாமா:

சரி, அப்படியானால் என் கதை என்ன? அக்கா மகள்தானே?

லேப் அக்கா:

உங்கள் வீட்டில் அந்தப் பழுது இல்லாமலே இருக்கலாம், இருந்தும் நல்ல பக்கமே விழுந்திருக்கலாம். சொந்தத்தில் கட்டுவது நோயை உண்டாக்காது மாமா. ஏற்கெனவே இருக்கும் பழுது இரண்டு வழியாகவும் ஒரே பிள்ளையிடம் வந்து சேரும் வாய்ப்பைத்தான் அது கூட்டுகிறது. மாமன் மகள், அத்தை மகள் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு, எந்த ஒரு ஜீனை எடுத்துக்கொண்டாலும், இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க 16இல் ஒரு வாய்ப்பு. தாய்மாமன், அக்கா மகள் என்றால் 8இல் ஒன்று. அபூர்வமான நோய்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் ஈ மாதிரி ஊரெல்லாம் பரவிக் கிடப்பதற்குச் சொந்தம் எதற்கு? வழியில் போகிறவரிடமே இருக்கும்.

இன்செயின் அம்மா:

நான் ரொம்ப நாளாக இங்கே வாசிப்பவள், எழுதுவது இல்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் பர்மியர். காதல் கல்யாணம். என் பக்கம் எதிர்த்தவர்கள்கூட “பரவாயில்லை, அசலில் கட்டினால் பிள்ளை திடமாக இருக்கும்” என்று சமாதானம் ஆனார்கள். முதல் இரண்டும் நன்றாகவே இருக்கிறார்கள். மூன்றாவது மகனுக்கு ஈ பீட்டா.

பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தான். ஆறு மாதம் தாண்டியதும் வெளுக்க ஆரம்பித்தான். பால் குடித்துக்கொண்டே களைத்துத் தூங்கிவிடுவான். வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. பூச்சி என்று மருந்து கொடுத்தோம். மந்திரித்தோம். கடைசியில் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டர், மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று பேனாவால் அதன் ஓரத்தை வயிற்றிலேயே கோடு போட்டுக் காட்டினார். தொப்புளுக்குப் பக்கத்தில் வந்திருந்தது கோடு.

இப்போது மாதம் ஒரு முறை ரத்தம். போகிற நாளிலேயே கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது, ஆள் பிடிக்க வேண்டும். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு உள்ளேயே தங்கி ஈரலையும் இருதயத்தையும் கெடுக்கும் என்று அதை வெளியேற்ற மருந்து. முன்பு வயிற்றுத் தோலில் ஊசி குத்தி, சின்ன பம்ப் வைத்து, இரவு முழுக்க ஏறும். தூக்கத்தில் புரண்டு ஊசி கழன்றால் படுக்கை நனைந்துவிடும், எழுந்து மறுபடி குத்த வேண்டும். இப்போது மாத்திரை. எலும்பு மஜ்ஜை மாற்றினால் குணமாகும் என்றார்கள். அண்ணன், அக்கா இருவருக்கும் பார்த்தோம், பொருந்தவில்லை.

தம்பி, உன் தங்கச்சியைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அவன் பள்ளிக்கூடம் போகிறான், பந்து விளையாடுகிறான், என்னோடு சண்டை போடுகிறான். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு ரத்தச் சீட்டு முன்பே இருந்திருந்தால், தெரிந்து முடிவு எடுத்திருப்போம்.

லேப் அக்கா:

அக்கா, எழுதியதற்கு நன்றி. ஆறு மாதம் வரை ஏன் தெரியாது என்பதை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு வேறு வகை ஹீமோகுளோபின், அதற்கு பீட்டா தேவையில்லை. பிறந்த பிறகு மெதுவாக மாறும்போதுதான் பழுது தலைகாட்டும். மஜ்ஜை பொருந்துவதும் டீச்சர் சொன்ன அதே பிரிவினைதான். அந்தப் பொருத்தம் 6ஆவது குரோமோசோமில் இருக்கிறது, உடன்பிறந்த ஒருவரோடு முழுதாகப் பொருந்த நாலில் ஒன்றுதான் வாய்ப்பு.

டல்லா பையன்:

இவ்வளவு ரத்தம் வேறு ஆளிடமிருந்து ஏற்றினால் அந்தப் பிள்ளையின் ஜீன் மாறிவிடாதா? குணம்கூட மாறும் என்று சொல்வார்களே.

மோல்மேன் டீச்சர்:

மாறாது. முதிர்ந்த சிவப்பணுவுக்குள் உட்கருவே கிடையாது, மஜ்ஜையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அதைத் துப்பிவிடும். உட்கரு இல்லை, குரோமோசோம் இல்லை, பிரியவும் முடியாது. 120 நாள் ஓடிவிட்டு அழியும். மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் புது அணுக்களைச் செய்துகொண்டே இருக்கிறது, அந்தப் பிள்ளையின் மஜ்ஜை செய்வது பழுதான அணுவையே. குணம் மாறுவதெல்லாம் திண்ணைப் பேச்சு.

தாம்வே செல்வி:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் நாத்தனார் மகளுக்கு டவுன் சின்ட்ரோம். அதுவும் இப்படிப் பரம்பரையாக வருவதுதானா? அடுத்த பிள்ளைக்கு வருமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மோல்மேன் டீச்சர்:

பெரும்பாலும் இல்லை. அது ஜீன் பழுது அல்ல, மியாசிஸ் நடக்கும்போது 21ஆவது ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விடுவதால் வருவது. பெண்ணின் முட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பிரிய ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிடுகின்றன, மிச்சம் பல வருடம் கழித்துத்தான். அதனால் வயது ஏற ஏற வாய்ப்புக் கூடும்: 35இல் சுமார் 350க்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று. சிலருக்கு மட்டும் ஒரு குரோமோசோம் இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வதால் குடும்பத்தில் வரும். குழந்தையின் குரோமோசோம் சீட்டைப் பார்த்தால் எது என்று டாக்டர் சொல்லிவிடுவார்.

சிரியம் தம்பி:

மாப்பிள்ளை வீட்டில் நானே போய்ப் பேசினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மறுநாளே போய் ரத்தம் கொடுத்துவிட்டார். இன்று சீட்டு வந்தது. ஹீமோகுளோபின் 13.6, எம்சிவி 76. ஏ2 என்ற இடத்தில் 28.4 என்று இருக்கிறது! தங்கச்சிக்கு 5.2 இருந்ததற்கே இவ்வளவு. கை நடுங்குகிறது அக்கா.

லேப் அக்கா:

தம்பி, அது ஏ2 இல்லை, ஈ. அந்த மெஷினில் ஏ2 வந்து விழும் இடத்திலேயே ஈயும் விழும், மெஷின் இரண்டையும் சேர்த்து ஏ2 என்றே அச்சடித்துவிடும். உண்மையான ஏ2 ஒருநாளும் 28க்குப் போகாது. மாப்பிள்ளைக்கு ஈ ட்ரெய்ட். அவர் ஆரோக்கியமானவர், அதில் மாற்றமில்லை.

இனி உள்ளதைச் சொல்கிறேன். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு ஈ பீட்டா. இருவரும் டிஎன்ஏ பரிசோதனை செய்து அவளுடைய பீட்டா எந்த வகை என்று தெரிந்துகொள்ளட்டும், கடுமை ஓரளவு அதைப் பொறுத்தது. கர்ப்பம் தரித்த பிறகு 11ஆவது வாரத்தை ஒட்டி நஞ்சுக்கொடியின் திசுவில் துளி எடுத்துப் பார்க்கும் முறை உண்டு, 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பார்க்கலாம். கரு கலையும் ஆபத்து கொஞ்சம் உண்டு. ஆனால் இந்த நாட்டுச் சட்டம் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பை விடுகிறது. தெரிந்துகொண்டு என்ன செய்வது என்ற கேள்வியையும் இருவரும் இப்போதே பேசிக்கொள்ள வேண்டும். சைப்ரஸில் கல்யாணத்துக்கு முன் டெஸ்ட் சீட்டைத் தேவாலயமே கேட்க ஆரம்பித்தது. யாரும் கல்யாணத்தைத் தடுக்கவில்லை, தெரிந்துகொண்டு கட்டினார்கள். நோயோடு பிறக்கும் பிள்ளைகள் அங்கே மிகக் குறைந்துவிட்டார்கள்.

பெகு மாமா:

இதற்குத்தான் ஜாதகத்தில் நாடிப் பொருத்தம், ரஜ்ஜுப் பொருத்தம் என்று நம் முன்னோர் வைத்தார்கள். மோன் வீட்டில் ஏது ஜாதகம்? பேசாமல் வேறு இடம் பாருங்கள். அவர்கள் ரத்தத்திலேயே இந்தக் குறை இருக்கிறது.

மோல்மேன் டீச்சர்:

மாமா, பொருத்தம் பாருங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நட்சத்திரம் பிறந்த நேரத்தைச் சொல்லும். முட்டையில் எந்த 11 விழுந்தது என்று சொல்லாது.

‘அவர்கள் ரத்தத்தில் குறை’ என்பதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மலேரியா வாட்டிய நாடுகளில்தான் இந்த ஜீன்கள் பெருகியிருக்கின்றன. ஒரு பிரதி இருந்தவர்கள் காய்ச்சலில் கொஞ்சம் அதிகமாகத் தப்பினார்கள், அவர்கள் பிள்ளைகள் நிறையப் பேர் மிஞ்சினார்கள். தலசீமியாவைப் பற்றி ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1949லேயே இந்தக் கருத்தைச் சொன்னார். நம்முடைய பீட்டாவும் அதே வழியில் வந்ததுதான். அவர்கள் ரத்தத்தில் இருப்பது குறை என்றால் நம் ரத்தத்தில் இருப்பது அதைவிடக் கடுமையான குறை. வேறு இடம் பார்த்தாலும் இங்கே ஈ இல்லாத வீட்டை டெஸ்ட் எடுக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

இன்செயின் அம்மா:

அவர்கள் இருவரும் பேசி முடிவு செய்யட்டும் மாமா. வாழப்போவது அவர்கள்.

சிரியம் தம்பி:

இருவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம் நிற்காது என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். பிள்ளையைப் பற்றி டாக்டரிடம் சேர்ந்து போய்ப் பேசப் போகிறார்கள். பெரியப்பா இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

லேப் அக்கா, எனக்கும் பார்க்க வேண்டுமா? எனக்கு ஒரு சோர்வும் இல்லை.

லேப் அக்கா:

கட்டாயம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தது என்றால் உனக்கும் பாதிக்குப் பாதி. சோர்வு இருக்கிறதா இல்லையா என்பது கணக்கில் இல்லை. ஊதா மூடி போட்ட குப்பியில் 2 மில்லி ரத்தம் போதும். வெறும் வயிறு தேவையில்லை, மொய்ங்கா சாப்பிட்டுவிட்டே வரலாம். கடந்த மூன்று மாதத்துக்குள் யாராவது ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தால் மட்டும் முன்பே சொல்ல வேண்டும், வேறு ஆளின் ஹீமோகுளோபின் கலந்து சீட்டு தப்பாக வரும். அம்மா அப்பாவையும் கூட்டி வா, யார் பக்கம் என்று தெரிந்தால் சித்தி, மாமா வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லலாம்.

சிரியம் தம்பி:

சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் படகேறாமல் பாலம் வழியாகவே வந்துவிடுகிறோம். ஒன்பது மணிக்குச் சரியாக இருக்குமா?

பெகு மாமா:

சனிக்கிழமை 9 முதல் 10.30 வரை ராகு காலம். அது கழிந்து போ.

லேப் அக்கா:

எந்த நேரத்தில் குத்தினாலும் ஏ2 அதேதான் மாமா. ஆனால் தம்பி, 11 மணிக்கே வா, அப்போதுதான் இங்கே கூட்டம் குறையும்.